தாமரைச்செல்வி கை நனைக்காத வீடு

கலிபோர்னியாவில், லிவர்மோரில் தாமரைச்செல்வியின் வீட்டுக்குப் போய்விட்டுச் சாப்பிடாமல் திரும்பியவர் என்று ஒருவரைக்கூட யாரும் காட்ட முடியாது. பார்சல் கொண்டு வந்த ஆளுக்கே ஒரு டப்பா புளிசாதம் கொடுத்து அனுப்பியவள் அவள். அந்த ஆள் அதை என்ன செய்தாரோ, அது வேறு விஷயம். யாருக்காவது குழந்தை பிறந்தால் பூண்டு ரசம், யாருக்காவது வேலை போய்விட்டால் கோழிக்குழம்பு, ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து. சிவா விஷ்ணு கோயிலுக்கு எங்கிருந்தோ வந்து, கார் நிறுத்துமிடத்தில் அவளிடம் தெரியாமல் பேச்சுக் கொடுத்த குற்றத்துக்காக அவள் வீட்டில் இலை போட்டு உட்கார வைக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். "வந்துட்டு எப்படிங்க சும்மா போறது? கை நனைச்சிட்டுத்தான் போகோணும்" என்பாள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அவள் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்த வாக்கியம் அது. அதற்கு மறுப்புச் சொல்லி ஜெயித்தவர் இல்லை.

கொங்குப் பக்கத்தில் கை நனைப்பது என்றால் வெறுமனே சாப்பிடுவதல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில் மனசு ஒப்பவில்லையென்றால் கை நனைக்காமல் எழுந்து வருவார்கள். பங்காளிக்குள் பகை வந்தால் முதலில் நிற்பது பேச்சல்ல, சாப்பாடு. ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் அந்த வீட்டோடு உறவு உண்டு என்று ஊருக்கே சொன்ன மாதிரி. சாப்பிடாமல் போனால் அதற்கும் அதே மாதிரி அர்த்தம் உண்டு.

ஊருக்கெல்லாம் இலை போடும் இந்தப் புண்ணியவதி பதினோரு வருடமாகக் கை நனைக்காத வீடு ஒன்று அமெரிக்காவில் இருந்தது. டெக்சாஸில், டாலஸை ஒட்டிய பிளானோவில். அது அவளோடு கூடப்பிறந்த ஒரே அண்ணன் சேனாபதியின் வீடு.

சண்டை வந்தது பாலில். புது வீட்டில் பால் காய்ச்சுவது வீட்டுக்காரனின் உடன்பிறந்தவள். அது அவள் உரிமை, யாரும் கொடுப்பதும் இல்லை, பிடுங்குவதும் இல்லை. சேனாபதி வீடு கட்டிக் குடி போகும்போது தாமரைச்செல்வி ஒரு புதுப் பித்தளைப் பாத்திரம் வாங்கி, மஞ்சள் கயிறு கட்டி, பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். வழியில் இடியும் மழையும் வந்து விமானம் டென்வரில் நின்றுவிட்டது. அவள் பிளானோ போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. ஐயருக்கு அடுத்து இன்னொரு வீட்டில் ஹோமம் இருந்ததால் அவர் அவசரப்படுத்தினார். சேனாபதியின் மனைவி வசந்தாமணியின் தங்கை பக்கத்தில் நின்றிருந்தாள். அவளையே காய்ச்சச் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் பெட்டியோடு நின்ற தங்கையிடம் சேனாபதி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பக்குவமாகப் பேசியிருக்கலாம். நூறு விருந்தாளிகளுக்கு நடுவில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மனிதர், "யாரு காச்சுனா என்ன அம்முணி, பால் பொங்கிருச்சில்ல" என்று சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் பித்தளைப் பாத்திரம் வேலையே செய்யாது என்பதை அப்போது அவளிடம் எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். "அப்ப இந்த வீட்டுக்குப் பொறந்தவ தேவையில்ல. இனி இங்க பச்சத்தண்ணி என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டு, வந்த டாக்சியிலேயே விமான நிலையத்துக்குத் திரும்பினாள். அண்ணன் பின்னாலேயே ஓடி வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லாமல் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸ்அப்பில் விளக்குப் படம் அனுப்புவார்கள். உறவுக்காரர்கள் எத்தனையோ பேர் சமாதானம் பேசினார்கள். அவள் சொன்னது ஒன்றுதான். அண்ணன் முதலில் தன் வீட்டுக்கு வந்து கை நனைக்கட்டும், அப்புறம் தான் போவதைப் பற்றிப் பார்க்கலாம். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. பிழை செய்தவர் வந்து சரிசெய்யாமல் எதையும் முடிந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று ஆபீசில் அவளுக்குப் பெயர். அண்ணன் விஷயத்திலும் அதே சட்டம்தான். சேனாபதியும் அதே வயிற்றில் பிறந்தவர். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இந்தக் கோடையில் வசந்தாமணி, தாமரைச்செல்வியின் கணவன் மதனுக்கு போன் செய்தாள். தாங்களும் மகள் ஓவியாவும் சான் பிரான்சிஸ்கோ வருவதாகவும், சனிக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சேனாபதி ஆசைப்படுவதாகவும் சொன்னாள். யார் வீடும் வேண்டாம், கடலோரத்தில் ஒரு ஓட்டல் பார்த்து வைத்திருக்கிறார் என்றாள். மதன் இதைச் சொன்னபோது தாமரைச்செல்வி உதட்டைப் பிதுக்கினாள். தங்கை வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்க, ஓட்டலில் கூப்பிட்டு வைத்துச் சோறு போடும் அண்ணனை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீசிலிருந்து மலை தாண்டி வந்தவள், உடை மாற்றாமல் வெல்லப்பாகு காய்ச்சி, அரிசி மாவு பிசைந்து, ஒரு டின் நிறையக் கச்சாயம் சுட்டாள். சின்ன வயதில் தீபாவளிக்குச் சுடும் கச்சாயத்தை எண்ணெய்ச்சட்டியிலிருந்தே எடுத்துத் தின்று வாய் வெந்துபோனவர் சேனாபதி.

மறுநாள் காரில் போகும்போது மதன் மெதுவாகக் கேட்டான், எல்லாம் எப்படிப் போகும் என்று. அவள் தெளிவாகச் சொன்னாள். அந்த டின்னில் இருப்பது தன் வீட்டு அடுப்பில் சுட்டது. அண்ணன் அதில் ஒன்றைத் தின்றுவிட்டால் தன் வீட்டில் கை நனைத்ததாக வைத்துக்கொள்வாள். அப்புறம் அவர் வாங்கிக் கொடுப்பது எதுவானாலும் சாப்பிடுவாள். வேண்டுமானால் பிளானோவுக்கும் போவாள். காலையிலிருந்து அவள் காபியைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. பாலம் தாண்டும்போது கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அண்ணனைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அவளுக்கு இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அந்த ஓட்டல் படகுத்துறையின் மேலேயே இருந்தது. ஊர் சுற்ற வந்த உலகமே அங்கேதான் நின்றது. நேற்று வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்குகிற குடும்பங்கள், கம்பி நீட்டிப் படம் எடுக்கிறவர்கள், கீழே மரத்தளத்தில் மல்லாந்து கிடந்து ஓயாமல் குரைக்கிற கடல் சிங்கங்கள். இடம் காலியானால் விளக்கு மினுக்கும் ஒரு வட்டத் தட்டை ஓவியா கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவரைத் தாமரைச்செல்விக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

சேனாபதி பாதியாகிவிட்டிருந்தார். கழுத்தில் ஒரு மப்ளர் சுற்றியிருந்தார். டெக்சாஸ் வெயிலில் பழகியவருக்கு இந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல, டாலஸ்காரர்கள் எல்லோரும் இப்போது ஏதோ ஒரு டயட்டில் இருக்கிறார்கள், இவரும் அதில் இறங்கிவிட்டார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். "வா அம்முணி" என்றார். குரல் கரகரத்துக் கிசுகிசுப்பாக வந்தது. ஜலதோஷமா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார்.

உள்ளே கண்ணாடிச் சுவரை ஒட்டி மேசை கிடைத்தது. ஸ்பெயின் நாட்டு டப்பாஸ் அங்கே பிரபலம். நம்மாட்களுக்குச் சொல்வதென்றால், இலையில் சோறு வைக்காமல் ஓரத்துத் தொட்டுக்கையை மட்டும் சின்னச் சின்னத் தட்டுகளில் வைத்து, சோற்றைவிட அதிக விலைக்கு விற்பது. எல்லாத் தட்டும் நடுவில் வரும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ள வேண்டியது. பூண்டெண்ணெயில் கொதிக்கிற இறால், காரச் சட்னி ஊற்றிய உருளைக்கிழங்கு, தக்காளி தேய்த்த ரொட்டி, காளான், ஆலிவ், முட்டையும் கிழங்கும் போட்டுச் சுட்ட தடித்த அடை என்று தட்டு மேல் தட்டாக வந்தது. எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னவர் சேனாபதி. மெனுவில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனார். அப்பா கார்டை முதலிலேயே கொடுத்துவிட்டார், பில்லுக்கு மாமா சண்டை போடக்கூடாது என்று ஓவியா மதனிடம் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஆக, இது அண்ணன் வீட்டுச் சாப்பாடு. தாமரைச்செல்வி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் கச்சாயம் தின்னட்டும், அப்புறம் தொடலாம்.

சேனாபதி தட்டுகளை ஒவ்வொன்றாக அவள் பக்கம் நகர்த்தினார். இறாலை எடுத்து மதன் தட்டில் வைத்தார். அடையை வெட்டி மகளுக்குக் கொடுத்தார். கரண்டி ஓயாமல் போய் வந்துகொண்டிருந்ததால் அவரும் சாப்பிடுகிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் பிழை தேடியே சம்பளம் வாங்குகிற கண்ணுக்கு எதுவும் தப்பாது. அண்ணன் முன்னால் இருந்த தட்டு துடைத்து வைத்தது போலிருந்தது. தண்ணீர் கிளாஸ் விளிம்பு வரை நிறைந்து அப்படியே நின்றது. வசந்தாமணியும் பேருக்குத்தான் கொறித்தாள். "சாப்புடு அம்முணி" என்று அவர் இரண்டு முறை சொன்னார். வயிறு நிறைந்திருக்கிறது என்று அவள் பொய் சொன்னாள்.

மேசையில் பேச்சு தட்டுத் தடுமாறிப் போயிற்று. ஓவியா ரிச்சர்ட்சனில் படிக்கிறாள், மதனுடைய ஆபீசில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், பிளானோவில் ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது. அதெல்லாம் தீர்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்தார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அண்ணன் தானாகக் கேட்கட்டும் என்று காத்திருந்து பார்த்த தாமரைச்செல்வி, கடைசியில் மானத்தை விட்டு, பைக்குள்ளிருந்து டின்னை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தாள். வெல்லமும் ஏலக்காயும் மணந்தன.

"நேத்து சுட்டதுங்கண்ணா" என்றாள்.

இதற்கு மேல் இறங்கி வர அவளுக்குத் தெரியாது. சேனாபதியின் முகம் ஒரு நிமிடம் பையன் முகம் மாதிரி ஆயிற்று. கையை நீட்டி ஒன்றை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வசந்தாமணி சட்டென்று அவர் முழங்கையைத் தொட்டதைத் தாமரைச்செல்வி பார்த்தாள். அவர் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கச்சாயத்தை அதில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்பறமாத் திங்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். அவளுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. பதினோரு வருடம் கழித்துத் தானாகக் கை நீட்டியவளை, இத்தனை பேர் முன்னால், வாசலில் நிற்கவைத்த அதே மாதிரி இன்னொரு தரம் நிற்கவைத்துவிட்டார் என்று தோன்றியது. அந்தப் பக்கத்திலும் ஒரு வைராக்கியம் இருக்கிறது. தான் தொடாததால் அவரும் தொடவில்லை. பெண்டாட்டியும் கையைப் பிடித்துத் தடுக்கிறாள். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. டின்னை மூடினாள்.

"என் வீட்டுப் பண்டம் உங்க தொண்டைல எறங்காதுன்னா, உங்க சாப்பாடு எனக்கு மட்டும் எப்படிங்கண்ணா எறங்கும்?"

சத்தமில்லாமல்தான் சொன்னாள். சேனாபதி மப்ளரைக் கையால் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். ஓவியா முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கெல்லாமா அழுவார்கள் என்று நினைத்தபடியே தாமரைச்செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் வந்து தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி போனை நீட்டினார்கள். கண் நிறைந்து எதுவும் தெரியாமலே எடுத்துக் கொடுத்தாள். திரும்பினால் வசந்தாமணி நின்றாள். அண்ணன் மனைவியை அவர்கள் பக்கம் நங்கை என்பார்கள். அப்படி ஒரு நங்கை தனக்கு இருப்பதையே மறந்திருந்தவள், இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வசந்தாமணி அதைக் கண்டுகொள்ளவில்லை.

"உங்கண்ணனுக்குத் தொண்டைல கேன்சரு, தாமரை. ரேடியேசன் குடுத்ததுல முழுங்கறதே போயிருச்சு. ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் நுரையீரலுக்குள்ள போயிருது. வயித்துல குழாய் வெச்சு அதுலதான் எல்லாம் ஊத்தறேன்."

இங்கே உள்ள பெரிய டாக்டர் ஒருவரைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள். நேற்றுப் பார்த்தாயிற்று. டெக்சாஸில் சொன்னதையேதான் அவரும் சொன்னார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று.

தாமரைச்செல்வி கம்பியை விடவில்லை. "ஏனுங் நங்கை எங்கிட்டச் சொல்லுல?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்ல விடல. நோவச் சொன்னா எரக்கப்பட்டு உக்காந்து தின்னுட்டுப் போவா, எனக்கு அது வேண்டாம், நான் கூப்புட்டதுக்கு அவ திங்கோணும்னாரு. இந்தக் கடையும் அவரு தேடுனதுதான். தட்டெல்லாம் நடுவுல வெப்பாங்களாம், யாரு திங்கறாங்க, யாரு திங்கலன்னு தெரியாதாம்."

தொண்டையில் இறங்காது என்று தான் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவளுக்குத் திரும்பக் கேட்டது. வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எத்தனை தீபாவளிக்கு விளக்குப் படம் அனுப்பினாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போனை எடுத்துப் பேசியிருந்தால் அந்தக் குரல் மாறியது தெரிந்திருக்கும்.

அவள் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். வாசலில் காத்திருந்த கூட்டம் வழிவிடாமல் முறைத்தது. பரிமாறும் பெண் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாமரைச்செல்வி அவள் கையைப் பிடித்து, எடுக்க வேண்டாம், இன்னும் முடியவில்லை என்றாள். மதன் எழுந்து இடம் விட்டான். ஓவியா அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். சேனாபதி சட்டைப் பையிலிருந்த கச்சாயத்தை எடுத்துக் காகிதத்தோடு மூக்கருகில் பிடித்திருந்தார்.

"வாசம் தெரியுது அம்முணி" என்றார் அந்தக் கிசுகிசுப்புக் குரலில். "அம்மா சுடற மாதிரியே இருக்குது."

அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, இறால் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எண்ணெய் ஆறிப்போயிருந்தது. அவள் முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே எடுத்துத் தின்றாள். கிழங்கைத் தின்றாள். நமுத்துப்போன ரொட்டியைத் தின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கண்ணீர் வழிந்து எதிலெதிலோ விழுந்தது. அவர் ஒவ்வொரு தட்டாக நகர்த்திக்கொண்டே இருந்தார். அவள் வாய்க்குள் போவதையும், மெல்வதையும், விழுங்குவதையும் கண் எடுக்காமல் பார்த்தார். அவள் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் மப்ளருக்குள் ஒரு தரம் அசைந்தது.

எல்லாத் தட்டும் காலியாயிற்று. வட்டத் தட்டு மினுக்கக் காத்திருப்பவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று இந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேனாபதி எழுந்தார். காலையில் விமானமா என்று மதன் கேட்டான். இல்லை, நாளைக்கு ராத்திரிதான் என்றாள் வசந்தாமணி. நாளைக்குப் பகல் முழுக்கச் சும்மாதான் இருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் தாமரைச்செல்விக்கு எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்பறம் என்னங்கண்ணா? இத்தன தூரம் வந்துட்டு எப்படிச் சும்மா போறது? நாளைக்கு நம்மூட்டுக்கு வந்து, கை நனைச்சிட்டுத்தான்..."

நடுவில் நின்றுவிட்டாள். ஊரில் எல்லாருக்கும் சொன்னதை, பதினோரு வருடமாக ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்ததை, இப்போது சொல்லிவிட்டாள்.

சேனாபதி அவள் தலையில் கையை வைத்தார். எலும்பாக இருந்தது கை.

"வர்றேன் அம்முணி" என்றார். "எனக்கும் சேத்து எல போடு. ஒக்காந்துக்கறேன்."